ஆறாவது கோப்பை

பெரும்பாக்கம்
7 ஜூலை 2025

ஷ்ரேயா,

சனிக்கிழமையிலிருந்து உன் போனுக்குப் போட்டுப் பார்க்கிறேன். மணியே அடிக்கவில்லை. உன் அம்மா நீரஜா மேடம் என் அப்பாவின் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டார் போலிருக்கிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். எங்கள் பிளாக் மாடிப்படியில் ஒரு பல்பு எரியும். எல்லோரும் படுத்த பிறகு அதற்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் ஏதாவது வண்டி நின்றால் போலீஸ் என்று நினைத்து எழுந்து எட்டிப் பார்க்கிறேன்.

அன்றைக்கு விழா முடிந்ததும் என்னை முன்னால் பஸ் ஏற்றிவிட்டு, பாத்திரம் துடைத்து வைக்க அம்மா உங்கள் வீட்டுக் கண்ணாடி மியூசியத்திலேயே இருந்துவிட்டாள் அல்லவா? கடைசி பஸ்ஸில்தான் வந்தாள். சாப்பிடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பாதான் கேட்டுக் கேட்டு வாங்கினார்.

"பச்சைக் கோப்பை ஒண்ணு விரிசல் வுட்டுப் பூட்ச்சு. தொட்டியில இடிச்சி ஒடச்சிட்டேன்னு சொல்றாங்க."

"நீ இடிச்சியா?"

"இல்லய்யா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு, நீரஜா மேடம் சொல்லி அனுப்பியதை மட்டும் சொன்னாள்.

இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மியூசியம் கமிட்டி முன்னால் வந்து 'நான்தான் உடைத்தேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் போலீஸில் புகார் கொடுப்பார்களாம். ஒப்புக்கொண்டால் வேலை போகும். ராஜா அண்ணாமலைபுரத்தில் வேறு எந்த வீட்டிலும் கதவு திறக்காது. எங்களை ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து தூக்கி இங்கே கொண்டுவந்து போட்ட பிறகும், இரண்டு பஸ் மாறி அந்த மியூசியத்துக்கு வந்தவள் அவள். பதினோரு வருடத்தில் ஒரு கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. உனக்கே தெரியும்.

நான் கிளம்பியபோது நீ பின்கட்டுச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாய். என்ன பார்த்தாய்? அதை மட்டும் எழுது. நாளை பள்ளி விட்டதும் இதை கேட்டில் வாட்ச்மேன் சண்முகவேல் மாமாவிடம் கொடுக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

தமிழ்நிலா

*

ராஜா அண்ணாமலைபுரம்
9 ஜூலை

நிலா,

உன் கடிதத்தை சண்முகவேல் செய்தித்தாளுக்குள் மடித்துக் கொடுத்தார். "பாப்பா, என் வேலைக்கு உலை வச்சிடாத" என்றார். நேற்றிலிருந்து பாடப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். இப்போது பாத்ரூமில் உட்கார்ந்து, குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு எழுதுகிறேன். அம்மா இன்னும் தூங்கவில்லை. கூடத்தில் நடக்கிற சத்தம் கேட்கிறது.

போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டுவிட்டாள். பத்தாம் வகுப்பு, படிப்பு கெடும் என்று காரணம் சொன்னாள்.

நிலா, நான் சரியாக ஒன்றும் பார்க்கவில்லை. நான் போனபோது எல்லாக் கோப்பையும் தொட்டியில் இருந்தன. சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பாஞ்சாலி பாவம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அம்மாவும் அழுதாள். அந்த ஆறு கோப்பையும் கொள்ளுத்தாத்தா வேதாந்தம், ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்தவை. உலகத்தில் இப்படி இன்னொரு செட் கிடைக்காது. குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீர் படக் கூடாது என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! சுவரில்கூட எழுதி ஒட்டியிருக்கிறது.

கமிட்டியில் ஸ்ரீகிருஷ்ணா மாமாதான் தலைவர். அம்மாவின் அண்ணா. நல்லவர். பாஞ்சாலி வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் விட்டுவிடுவார் என்று நினைக்கிறேன். பெரிதாக ஒன்றும் ஆகாது.

சனிக்கிழமைகளில் நாம் இருவரும் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பைக்கும் பேர் வைப்போமே, அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். காம்புக்குள் இரண்டு குமிழி உள்ளதற்கு நீ 'இரட்டைப் பிள்ளை' என்று பேர் வைத்தாய். அதுதான் விரிசல் விட்டது. உனக்குச் சொன்னார்களோ இல்லையோ.

என் மேல் கோபப்படாதே. அம்மா வருகிறாள்.

ஷ்ரேயா

*

பெரும்பாக்கம்
11 ஜூலை

ஷ்ரேயா,

உன் கடிதத்தில் என் அம்மாவைப் பேர் சொல்லி எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். இதுவரை என் காதில் அது உறைத்ததில்லை. காகிதத்தில் பார்த்தபோது உறைத்தது. நான் உன் அம்மாவை ஒரு நாளாவது நீரஜா என்று சொல்லியிருக்கிறேனா?

அது போகட்டும். நீ ஒன்றும் பார்க்கவில்லை என்கிறாய். சரி. அப்புறம் எதற்கு வெந்நீரைப் பற்றி எழுதினாய்?

எங்களிடம் யாருமே வெந்நீர் என்று சொல்லவில்லை. தொட்டியில் இடித்து உடைத்தாள் என்பதுதான் குற்றம். என் கடிதத்தில் வெந்நீர் என்ற வார்த்தையே கிடையாது. உன் கையிலிருந்து அது தானாக வந்திருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். விரல் நுனி சிவந்து கிடந்ததே, அது எப்படி என்று. முதலில் அடுப்பு என்றாள். அப்புறம் "அந்தக் கோப்பையை எடுக்கசொல்லோ சுட்டுச்சுடி. தொட்டுட்டு வுட்டுடலாம்னா கீழ வுழுந்துடுமேன்னு கெட்டியா புடிச்சிகினேன்" என்றாள். கை சுட்டாலும் விடவில்லை என் அம்மா. அவளா அதை இடித்து உடைப்பாள்?

அந்தச் சமையலறையில் அடுப்பு கிடையாது. கீசர் கிடையாது. வெந்நீர் வேண்டுமென்றால் ஆபீஸ் அறையில் உன் அம்மாவின் மேசை மேல் உள்ள மின்கெட்டில்தான். அந்த அறையைப் பெருக்கக்கூட உன் அம்மா இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது.

நான் குறுக்கு விசாரணை செய்யவில்லை. பயத்தில் கேட்கிறேன். தினமும் பள்ளியில் யாராவது வகுப்பு வாசலில் வந்து நின்றால், என்னைக் கூப்பிட்டு 'உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்' என்று சொல்லப் போகிறார்கள் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். நீ பயப்படுவது எதற்காக? அம்மா திட்டுவாள் என்பதற்காகவா?

வெந்நீரை யார் ஊற்றினார்கள்?

தமிழ்நிலா

*

ராஜா அண்ணாமலைபுரம்
14 ஜூலை

நிலா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. உண்மையாகவே கிழித்துவிடு.

அம்மாதான் ஊற்றினாள்.

நான் பார்த்தேன். முன்பு எழுதியது பொய். எழுதும்போதே கை கூசியது. ஆனால் 'பார்க்கவில்லை' என்று எழுதிவிட்டால் நிஜமாகவே பார்க்காதவள் ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

ஏன் ஊற்றினாள் என்பதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு தாளை எழுதிக் கிழித்தேன். காரணம் இல்லாமல் சொன்னால் நீ நம்ப மாட்டாய். மியூசியம் நடத்துகிற ஒருத்தி, ஐஸ் போட்ட சர்பத் இருந்த கோப்பையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவாளா என்று கேட்பாய்.

விழா அன்று நீதான் வந்தவர்களுக்கு எல்லாப் பெட்டியையும் விளக்கிச் சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். சிறப்பு விருந்தாளியாக வந்திருந்த அந்த வெள்ளைக்கார அம்மா உன்னைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அம்மா போட்டோகிராபரைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து வெளியே வைத்திருந்த பச்சைக் கோப்பைகளில் நன்னாரி சர்பத் ஊற்றினாள். ஒன்றை அந்த அம்மாவிடம் கொடுத்தாள். இன்னொன்றை உன் கையில் கொடுத்து, "இவளும் நம்மாத்துப் பொண்ணு மாதிரிதான்" என்றாள். நீ குடித்தாய். போட்டோ எடுத்தார்கள்.

நீ போன பிறகு நான் பின்கட்டுக்குப் போனேன். இரண்டு கோப்பையும் மேடையில் இருந்தன. அந்த வெள்ளைக்கார அம்மா குடித்ததை அம்மா குழாயில் காட்டி, துடைத்து, தட்டில் வைத்தாள். அதில் உதட்டுச் சாயம்கூட ஒட்டியிருந்தது. அடுத்ததை நான் எடுக்கப் போனேன்.

"அதைத் தொடாதேடி."

"ஏம்மா?"

"அந்தப் பொண்ணு வாய் வச்சுக் குடிச்சிருக்கா. அப்படியே பெட்டிக்குள்ள வச்சுட முடியுமா?"

"அலம்பினாப் போறாதா?"

"தாத்தா தொட்ட சாமான்டி அது. நீ பேசாம இரு."

ஆபீஸ் அறையிலிருந்து கெட்டிலைக் கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளே எழுதினது. 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். விளிம்பிலிருந்து காம்பு வரைக்கும் ஒரு முடி விழுந்த மாதிரி கோடு. அம்மா அதிலிருந்த தண்ணீரைக் கொட்டினாள். அப்புறம் அதைத் தொட்டியில் மற்றவற்றோடு வைத்துவிட்டு, "பாஞ்சாலி, இதெல்லாம் துடைச்சு வை" என்று குரல் கொடுத்தாள். என் தோளைப் பிடித்து, "நீ ஒண்ணும் பாக்கலை. புரியறதா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்கிறேன், நிலா. ஸ்ரீகிருஷ்ணா மாமா முன்னால் எழுந்து நின்று சொல்கிறேன். சத்தியம்.

ஷ்ரேயா

*

பெரும்பாக்கம்
16 ஜூலை

ஷ்ரேயா,

கிழித்துவிட்டேன். கிழித்து என்ன பயன்? ஒவ்வொரு வரியும் தலைக்குள் இருக்கிறது.

அந்தக் கோப்பையை என் கையில் கொடுத்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலிருந்தே வருடக்கணக்காகப் பார்த்தது, என் கைக்குள் வந்தது. இவ்வளவு லேசாக இருக்குமென்று நினைக்கவில்லை. விளிம்பு என் உதட்டில் பட்டபோது காகிதம் மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதே நேரத்தில் உன் அம்மா கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விழாவுக்காக எனக்கு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? 'இது ஊதிச் செய்த கண்ணாடி. உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட குழாயின் நுனியில் எடுத்து, மறுநுனியில் ஒருவர் வாய் வைத்து ஊதுவார். அவருடைய மூச்சுதான் கோப்பையின் வடிவம்.' நான் அதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னேன். கை தட்டினீர்கள்.

யாரோ ஒருவன் வாய் வைத்து ஊதாமல் அந்தக் கோப்பையே கிடையாது. அவன் எந்த ஊர், என்ன சாதி, காலையில் பல் தேய்த்தானா, ஏதாவது தெரியுமா? அவன் வாய்க்கு யார் வெந்நீர் ஊற்றினார்கள்? ஏலம் விட்டுப் போன வெள்ளைக்காரன் வீட்டில் அதில் எத்தனை பேர் என்னென்ன குடித்தார்கள்? அதெல்லாம் பெட்டிக்குள் போகலாம். நான் குடித்த நன்னாரி சர்பத் போகக் கூடாது.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். அவள் என்னை அந்த விழாவுக்காக மயிலாப்பூரில் புதுத் துணி வாங்கித் தைத்து அழைத்துக்கொண்டு வந்தாள். நான் கோப்பையோடு நின்றபோது கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். காரணம் தெரிந்தால் அந்த முகம் என்ன ஆகும்?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை 'வெந்நீர் ஊற்றியது என் அம்மா' என்று மட்டும் சொல். ஏன் என்று சொல்லாதே. என் அம்மா அங்கே நின்றுகொண்டிருப்பாள். அவள் காதில் அது விழக் கூடாது.

தமிழ்நிலா

*

ராஜா அண்ணாமலைபுரம்
21 ஜூலை

நிலா,

உன் அம்மா சொல்லியிருப்பார். ஆனாலும் நான் என் கையால் எழுத வேண்டும்.

சொன்னேன். நிஜமாகச் சொன்னேன். கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் அம்மா வாசல் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஸ்ரீகிருஷ்ணா மாமா "சொல்லு பாஞ்சாலி, என்ன நடந்தது?" என்று ஆரம்பித்தார். உன் அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். 

"மாமா, அவங்க இல்லை. அம்மாதான் வெந்நீர் ஊத்தினா."

 அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள், நிலா. டீச்சர் சிரிக்கிற மாதிரி.

"நானா? நான் எதுக்குடி கண்ணாடியில வெந்நீர் ஊத்தப் போறேன்?"

மாமா என் பக்கம் திரும்பினார். "சொல்லேன். அம்மா ஏன் ஊத்தணும்?"

நீ சொல்லக் கூடாது என்றாய். அந்த ஒன்றைத்தான் அவர்கள் கேட்டார்கள். அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், உன் அம்மாவை நிறுத்தி வைத்துக்கொண்டு அதை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்று. அவளும் சொல்ல மாட்டாள். நான் வாயைத் திறந்தேன். மூடினேன். "பாத்தியாண்ணா, சிநேகிதிக்காக என்னெல்லாம் சொல்றா" என்றாள் அம்மா.

அப்போது உன் அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்பதுபோல. பிறகு மாமாவிடம் சொன்னார்: "பாப்பாவை வுட்டுடுங்க சார். நான்தான் ஊத்துனேன். புத்தி இல்லாம செஞ்சிட்டேன்."

"மொதல்ல நீரஜா தொட்டியில இடிச்சதுன்னு சொன்னாளே?" என்று ஒருவர் கேட்டார். "அதை விடுங்கோ, ஒத்துண்டாச்சே" என்றார் மாமா. புகார் வேண்டாம், வேலையை விட்டு நின்றுவிடட்டும் என்று முடிவு செய்தார்கள். பெருந்தன்மையாம். காபி வந்தது. உன் அம்மாவுக்கு வரவில்லை.

நான் ஓடிப் போய் கேட்டில் அவரைப் பிடித்தேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "நல்லா படி பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

நீ அந்த நிபந்தனை போடாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஷ்ரேயா

*

பெரும்பாக்கம்
25 ஜூலை

ஷ்ரேயா,

'சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்' என்பதை மறுபடி மறுபடி படித்தேன். நல்லது. நீ நினைத்துக்கொள்ளலாம். அதற்கு நான் ஒரு வழி செய்து கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சண்டை போட்டேன். செய்யாததை ஏன் செய்தேன் என்றாய், உனக்கு ரோஷம் கிடையாதா என்று கத்தினேன். பக்கத்து வீட்டு தேவானை அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பொண்ணு வாயத் தொறந்துச்சே, அப்பவே எனக்கு திக்குனு ஆயிடுச்சு. இன்னா சொல்லப் போவுதுன்னு எனக்குத் தெரியும்டி."

"இன்னா தெரியும்?"

"ஏன் ஊத்துனாங்கன்னு."

கோப்பை கையைச் சுட்ட நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துத் தட்டில் இன்னொரு கோப்பை துடைத்துக் குளிர்ச்சியாக இருந்ததாம். நீங்கள் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் பின்கட்டில் குழாய்க்கு மேல் ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும், பார்த்திருக்கிறாயா? அது அம்மாவின் டம்ளர். பதினோரு வருடமாக அதில்தான் காபி. மற்ற பாத்திரத்தோடு அது தொட்டிக்குள் இறங்கியதே இல்லை. சனிக்கிழமைகளில் எனக்கும் அதிலேயேதான். நான் அதை அம்மாவின் டம்ளர் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம் அம்மாவுக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று.

"உன் காதுல அது வுழக் கூடாதுன்னுதான் நான் ஒத்துக்கினேன். போட்டோ எடுத்த அன்னைக்கி நீ எப்டி சிரிச்சே! அது அப்டியே இருக்கட்டும்னு பார்த்தேன்" என்றாள்.

நான் அவள் காதில் விழக் கூடாது என்றேன். அவள் என் காதில் விழக் கூடாது என்றாள். இரண்டு பேரும் உன் அம்மாவைத்தான் காப்பாற்றியிருக்கிறோம். இப்போது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

நேற்று கேட்டிலிருந்து உள்ளே பார்த்தேன். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி நுழைவாசலில் மாட்டியிருக்கிறார்கள். நான் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கீழே 'கலை எல்லோருக்கும்' என்று எழுதியிருக்கிறது.

அதை எடுத்துவிடச் சொல். வேறு எதுவும் கேட்கவில்லை.

தமிழ்நிலா

*

ராஜா அண்ணாமலைபுரம்
30 ஆகஸ்ட்

நிலா,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். அம்மா என் மேசையைத் தினமும் பார்க்கிறாள். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

போட்டோவை எடுக்கும்படி கேட்டேன். "அது எடுத்ததுல என்ன தப்பு? நல்ல மனசோட குடுத்ததுதானே?" என்றாள் அம்மா. அவள் அதை நிஜமாகவே நம்புகிறாள், நிலா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோப்பையைக் கொடுத்ததும் நல்ல மனசு, வெந்நீர் ஊற்றியது வழக்கம். இரண்டும் அவளுக்குள் சண்டையே போடவில்லை. ராத்திரி படுத்தால் நன்றாகத் தூங்குகிறாள்.

போன வாரம் நானே கழற்றினேன். சட்டத்திலிருந்து படத்தை உருவிச் சுருட்டி சண்முகவேல் மாமாவிடம் கொடுத்தேன். இந்தக் கடிதத்தோடு அது உனக்கு வரும். மறுநாள் சாயங்காலத்துக்குள் அதே இடத்தில் புதிதாக ஒன்று மாட்டியாயிற்று. முன்னதைவிடப் பெரியது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திட்டினால்கூட நன்றாக இருக்கும்.

ஆறாவது கோப்பையையும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். விரிசல் சுவர்ப் பக்கம் பார்த்த மாதிரி. முன்னால் நின்று பார்த்தால் ஆறும் முழுசாகத் தெரியும். சாவி எடுத்துத் திறந்து அதை முன்பக்கம் திருப்பி வைத்தேன். காலையில் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் திருப்புகிறேன், அம்மா திருப்புகிறாள். 

பின்கட்டில் அந்த டம்ளரைத் தேடினேன். இருந்தது. புதிதாக வந்திருக்கிற ஷீலா அக்காவுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். நான் அதில் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காதபோது செய்ததால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று நீ சொல்வாய். எனக்கே தெரியும்.

நாம் இனி பார்த்துக்கொள்ளவே முடியாதா? பள்ளிக்கூட வாசலுக்கு வரட்டுமா?

ஷ்ரேயா

*

பெரும்பாக்கம்
5 செப்டம்பர்

ஷ்ரேயா,

படம் வந்தது. அம்மா பிரித்துத் தரையில் விரித்து வைத்துப் பார்த்தாள். "சோக்காத்தான் கீறே" என்றாள். அப்புறம் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டாள்.

அவளுக்கு வேளச்சேரி மாலில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயும் கண்ணாடி துடைக்கிற வேலைதான். ஆள் உயரக் கதவுகள். "இங்க ஒடஞ்சா யாரும் அழ மாட்டாங்களாம்டி, இன்சூரன்ஸ் இருக்குதாம்" என்று சொல்லி அவளே சிரித்தாள். எட்டு மணி நேரம் நின்றபடி. முன்பு நாள் முழுக்க ஒரு பெட்டியைத் துடைப்பாள். இங்கே ஒரே கதவை நாள் முழுக்கத் துடைக்கிறாள். துடைத்துவிட்டு நகர்ந்ததும் யாராவது கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

நீ டம்ளரில் குடித்ததை எழுதியிருந்தாய். நானும் ஒன்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எப்போது வந்தது என்று தெரியாது. பள்ளியில் தண்ணீர் குடிக்கும்போது பாட்டிலைத் தூக்கி ஊற்றிக் குடிக்கிறேன். கழுத்தெல்லாம் வழிகிறது. பக்கத்தில் உட்காரும் அன்புச்செல்வி, "ஏன்டி, வாய் ஓட்டையா?" என்று கேலி செய்கிறாள். முன்பெல்லாம் என் பாட்டிலில் அவளும் அவள் பாட்டிலில் நானும் குடிப்போம். இப்போது அவள் பாட்டிலை நீட்டினால் வேண்டாம் என்றுவிடுகிறேன். என் வாயில் ஏதோ இருக்கிறது, அது அவளுக்கு ஒட்டிவிடும் என்று தோன்றுகிறது. தப்பு என்று தெரியும். ஆனாலும் தோன்றுகிறது.

வீட்டிலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். நேற்று சாப்பிட்டு முடித்துச் சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றி, தலையை நிமிர்த்தித் தூக்கிக் குடித்தேன். அம்மா சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாமே அது?"

"இன்னா?"

"எத்தினி நாளா இப்டி குடிக்கிறே?"

 அவள் ஈரக் கையோடு வந்து என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, நிறையத் தண்ணீர் ஊற்றி, என் முன்னால் வைத்தாள். வேலை போன அன்று அழாதவள். உன் மாமா முன்னால் அழாதவள் இப்போது அழுதாள்.

"நம்ம வூட்லயுமாடி? வாய் வச்சுக் குடி."

நீ பள்ளிக்கூட வாசலுக்கு வர வேண்டாம். உன் மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம் உன் அம்மா மேல்கூட முன்பு போல இல்லை. ஆனால் உன்னைப் பார்த்தால் எனக்குத் தாகம் எடுக்கும், உன் முன்னால் நான் எப்படிக் குடிப்பேன் என்று தெரியவில்லை. கோப்பையைத் திருப்பி வைத்துக்கொண்டே இரு. அதை விட்டுவிடாதே.

நான் வாய் வைத்துக் குடித்தேன். பல் டம்ளரில் பட்டுச் சத்தம் வந்தது. முழு டம்ளரும் காலியாகும் வரை அம்மா எதிரிலேயே நின்றிருந்தாள்.

தமிழ்நிலா